ஆச்சியின் பூசணித் தக்காளி: பரம்பரை ரகங்களின் கதைகளில் எதை நம்புவது?

ஆலங்குளத்துப் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீகம் ஆலங்குளத்துக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூர். பிள்ளைகளின் படிப்புக்காக நாங்கள் பாளையங்கோட்டைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற சித்திரையில் எங்கள் ஆச்சி காலமானார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அரங்கு வீட்டைத் தூசி தட்டி ஒதுக்கும்போது, உத்திரத்து ஆணியில் தொங்கிய பனையோலைக் கொட்டான் ஒன்றுக்குள் பழைய வேட்டித் துணியில் முடிந்த நான்கைந்து முடிச்சுகள் கிடைத்தன. ஒன்றில் பீர்க்கு, ஒன்றில் சீனியவரை, ஒன்றில் அடுப்புச் சாம்பல் படிந்த தக்காளி விதை. அவிழ்த்துப் பார்த்தவுடனேயே அது பூசணித் தக்காளி என்று என் அம்மா சொல்லிவிட்டார்.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் மட்டும் வழங்கியதா, ஊரிலும் வழங்கியதா என்று எனக்கு நினைவில்லை. பழம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பூசணிக்காயைப் போலத் தட்டையாக, ஒன்பது பத்து வரிகள் ஓடி, காம்பைச் சுற்றிய தோள்பகுதி பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். தோல் மிக மெல்லியது. மழை பெய்த மறுநாள் காலையில் பாதிப் பழங்கள் வெடித்திருக்கும். செடி தொழுவத்து வேலியின் மேல் ஏறி ஆளுயரத்துக்கும் மேலே படரும். அந்தப் பழம் இரண்டைப் பிசைந்து விட்டால் சாற்றுக்குப் புளி கரைக்க வேண்டியதில்லை என்பது ஆச்சியின் கணக்கு. விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்க அத்தை குடுத்தது" என்பார். அத்தை என்றால் அவருடைய மாமியார். அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

இப்போது அயல்நாட்டுப் பரம்பரைத் தக்காளிகளைப் பற்றி இணையத்தில் படிக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருப்பதைக் காண்கிறேன். ஒன்று வீட்டுக் கடனை அடைத்ததாம்; இன்னொன்றைச் செரோக்கி பழங்குடியினர் கொடுத்தார்களாம்; மற்றொன்று குடிபெயர்ந்தவர்களோடு கப்பலில் வந்ததாம். இவை உண்மையான வரலாறா, விதை விற்பவர்கள் சேர்த்த அலங்காரமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சியின் தக்காளியைப் பரம்பரை ரகம் என்று அழைக்கலாமா என்பதும் என் கேள்வி. ஆச்சியால் கடைசி மூன்று ஆண்டுகள் விதைக்க முடியவில்லை. இருக்கும் விதை ஒரு தேக்கரண்டி அளவுகூட வராது என்பதால், தொடுவதற்கே பயமாக இருக்கிறது.

தென்காசித் தோட்டக்கலையர் எழுதியது:

அம்மா, முதலில் ஆச்சியின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். தோட்டக்கலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பரம்பரை ரகம் என்பதற்குச் சட்டம் வகுத்த இலக்கணம் எதுவும் கிடையாது. இயற்கையான மகரந்தச் சேர்க்கையில் காய்த்து, விதையிலிருந்து தாயைப் போலவே முளைத்து வர வேண்டும். பல காலம் கைமாறி வந்திருக்க வேண்டும். இந்த இரண்டைத்தான் எல்லாரும் ஏற்கிறார்கள். எத்தனை ஆண்டு என்பதில் சிலர் ஐம்பது என்பார்கள். சிலர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இருந்ததா என்று பார்ப்பார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் வீரிய ஒட்டு ரகங்கள் சந்தையைப் பிடித்தன. உங்கள் ஆச்சியின் மாமியார் கொடுத்த விதை என்றால் மூன்று தலைமுறை கண்டுவிட்டது. தயங்காமல் அப்படியே அழைக்கலாம்.

ஆனால் நாம் "நாட்டுத் தக்காளி" என்று சொல்லும்போது அந்த நாட்டு என்ற சொல்லுக்கு எவ்வளவு வயது என்பதையும் பார்க்க வேண்டும். செடியின் காட்டு முன்னோர்கள் பெரு, எக்குவடோர் பக்கத்து மலைநாட்டைச் சேர்ந்தவை. அதைப் பெரிய பழமாக வளர்த்தெடுத்தவர்கள் மெக்சிகோவின் பழங்குடி உழவர்கள். இந்தியாவுக்குப் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வந்தவுடன் நம் அடுப்படிக்குள் நுழைந்துவிடவும் இல்லை. 1880களின் இறுதியில் இந்தியாவின் பயிர்களைத் தொகுத்து எழுதிய ஜார்ஜ் வாட், இது பெரும்பாலும் இங்கிருந்த ஐரோப்பியருக்காகப் பயிரிடப்படுவதாகவே குறித்தார். வங்காளத்தில் இதற்குச் சீமைக் கத்தரிக்காய் என்று பொருள்படும் பெயர் இருந்தது. நம் பக்கத்தில் இன்றும் எத்தனையோ வீடுகளில் திதிச் சமையலில் தக்காளி சேர்ப்பதில்லை. நம் சொதியிலும் அதற்கு இடமில்லை, எலுமிச்சைதான் புளிப்பு. புளியும் எலுமிச்சையும் மாங்காயும் பார்த்துக்கொண்ட வேலைக்குத் தக்காளி பிற்காலத்தில்தான் வந்தது.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது பெயர்தான். தக்காளி என்ற தமிழ்ச் சொல் இந்தப் பழத்துக்காக உண்டானதன்று. வேலியோரத்தில் காகிதக் கூடு போன்ற உறைக்குள் காய்க்கும் சொடக்குத் தக்காளியும், நாம் மிளகுதக்காளி என்று சொல்லும் மணத்தக்காளியும்தான் அந்தப் பெயருக்கு முதல் உரிமையாளர்கள். புதிதாக வந்த பழத்தைப் பார்த்த நம் முன்னோர், இதுவும் அந்தக் குடும்பம்தான் என்று செடியையும் பூவையும் வைத்துக் கண்டுகொண்டு, சீமைத்தக்காளி என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்துவிட்டது. மெக்சிகோவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அங்கே நாவாட்டில் மொழியில் தொமாட்டில் என்பது உறைக்குள் காய்க்கும் பச்சைப் பழத்தையும் சேர்த்துக் குறித்த பொதுப்பெயர். நம் சிவப்புத் தக்காளிக்கு ஷிதொமாட்டில் என்று முன்னொட்டுச் சேர்த்த பெயர். ஸ்பானியர்கள் முன்னொட்டை விட்டுவிட்டுப் பொதுப்பெயரை மட்டும் எடுத்துச் சென்றார்கள். கடல் கடந்த இரண்டு மக்கள் கூட்டம், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, சொடக்குத் தக்காளியின் உறவு என்று இதை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் பழத்துக்கு வருகிறேன். வரியோடிய தட்டையான வடிவம் மிகப் பழையது. 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி முதன்முதலாக இந்தப் பழத்தை வருணித்தபோதே, தட்டையாகவும் சுளை சுளையாகவும் இருப்பதாகத்தான் எழுதினார். வழவழப்பான உருண்டைத் தக்காளி வழக்கத்துக்கு வந்தது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் 1870இல் வெளியிட்ட பாரகன் ரகத்துக்குப் பிறகுதான். அவர் பல ஆண்டுகள் நல்ல பழத்தைத் தேடி அதன் விதையை விதைத்துத் தோற்றுப்போனார். கடைசியில் பழத்தை விட்டுவிட்டு, எல்லாக் காயும் ஒரே சீராகக் காய்த்த செடியைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வென்றார்.

பச்சைத் தோளும் ஒரு தடயம். காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காக, முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக வணிக ரகங்களில் ஒரு திடீர்மாற்ற மரபணுவைச் சேர்த்து வந்தார்கள். அந்த மாற்றத்தால் காயின் பச்சையத்தைப் பெருக்கும் ஒரு மரபணு செயலிழந்துவிடுகிறது என்றும், அதனால் பழத்தின் சர்க்கரை குறைகிறது என்றும் 2012இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. வேலியில் படரும் குணம் மூன்றாவது தடயம். குட்டையாக நின்று ஒரே சமயத்தில் காய்த்து முடிக்கும் குணம் 1914இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தற்செயலாகத் தோன்றிய ஒரு மாற்றத்திலிருந்து பரவியது. உங்கள் ஆச்சியின் செடியில் அது கலக்கவில்லை.

இந்த மூன்றும் சேர்ந்து, பழத்தின் வடிவமும் செடியின் குணமும் பழையவை என்று சொல்லலாம். வயதை மட்டும் இவற்றால் நிறுவ முடியாது. எல்லாரும் முதலில் கேட்கும் சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் மாவட்டத்தில் வீட்டு விதையாகச் சேமிக்கப்படும் தக்காளியில் பெரும்பகுதி பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகத்தின் வழிவந்ததாக இருக்கும் என்பது என் அனுபவம். அதுவும் தட்டை உருண்டைதான், அதற்கும் பச்சைத் தோள் உண்டு. ஆனால் அது குட்டைச் செடி, வேலி ஏறாது. ஆகவே உங்களுடையது அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

அந்தப் பி.கே.எம். 1 எப்படி வந்தது என்பதை நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தேனிக்கு அருகே அன்னஞ்சி என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியை எடுத்து, செயற்கையாகத் திடீர்மாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்ததுதான் அந்த ரகம். டெல்லியில் உருவான பூசா ரூபியின் பெற்றோரில் ஒன்று சூ என்ற அமெரிக்க ரகம். மற்றொன்று மீரட்டின் பெயரைத் தாங்கிய மீருட்டி. யாரோ ஓர் ஆச்சி அன்னஞ்சியிலும், யாரோ ஒரு பாட்டி மீரட்டிலும் கொட்டானில் முடிந்து வைத்த விதைகள் இவை. ஊர்ப் பெயராவது பெற்றோர் குறிப்பில் எழுதப்பட்டது. அது எழுதப்பட்டதால்தான் இன்று நான் உங்களிடம் அன்னஞ்சியைப் பற்றிப் பேச முடிகிறது.

பாளை மாடித்தோட்டம் எழுதியது:

ஆலங்குளத்துத் தங்கைக்கு வணக்கம். அண்ணாச்சி செடியின் வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் ஏழு ஆண்டுகளாக மாடியில் அயல்நாட்டுப் பரம்பரை ரகங்களை வளர்த்து, அவற்றின் கதைகளைத் தேடித் தேடிப் படித்தவள் என்பதால் கதைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

செரோக்கி பர்ப்பிள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1990இல் வட கரோலினாவில் வசித்த கிரெய்க் லெஹூலியர் என்ற தக்காளி ஆர்வலருக்கு, டென்னசி மாநிலத்தின் செவியர்வில்லிலிருந்து ஜான் கிரீன் என்பவர் ஓர் உறையில் விதையும் ஒரு கடிதமும் அனுப்பினார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு செரோக்கி மக்களிடமிருந்து தம் அண்டைவீட்டாரின் குடும்பத்துக்குக் கிடைத்த ஊதாநிறத் தக்காளி இது என்பதுதான் கடிதத்தின் சாரம். அந்த விதைக்குப் பெயரே இல்லை. லெஹூலியர்தான் பெயர் வைத்து, ஒரு விதை நிறுவனத்துக்கு அனுப்பினார். ஆகவே 1990க்குப் பிந்தைய வரலாறு முழுவதும் உறுதியானது. அதற்கு முந்தைய நூறு ஆண்டுகள் ஒரு கடிதத்தின் மேல் நிற்கின்றன. நான் அந்தக் கடிதத்தை நம்புகிறேன், ஏனென்றால் அனுப்பியவருக்கு அதில் விற்பனை லாபம் எதுவும் இல்லை.

வீட்டுக் கடனை அடைத்த கதை மார்ட்கேஜ் லிஃப்டர் ரகத்துடையது. அதில் ஆளின் வாய்மொழியே இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் செங்குத்தான மலைச்சாலையின் அடியில் வண்டி ரேடியேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் பைல்ஸ். ரேடியேட்டர் சார்லி என்று ஊரார் அழைத்தார்கள். செடி இனப்பெருக்கம் படித்தவர் இல்லை. ஜெர்மன் ஜான்சன் என்ற பெரிய தக்காளியை நடுவில் நட்டு, சுற்றிலும் வேறு பெரும்பழ ரகங்களை நட்டு, சுற்றியிருந்த பூக்களின் மகரந்தத்தை நடுச்செடிக்கு மாற்றி, ஆறு ஆண்டுகள் தேர்ந்தெடுத்து ஒரு ரகத்தை உண்டாக்கினார். நாற்று ஒன்று ஒரு டாலர் வீதம் விற்று, ஆறு ஆண்டுகளில் ஆறாயிரம் டாலர் வீட்டுக் கடனை அடைத்துவிட்டதாக முதுமையில் அவரே சொன்னது பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே மாநிலத்தில் எஸ்ட்லர் என்ற இன்னொரு குடும்பமும் மார்ட்கேஜ் லிஃப்டர் என்ற பெயரிலேயே தங்களுடைய தக்காளியை வைத்திருக்கிறது. இரண்டு கதைகளும் உண்மையாக இருக்கலாம். கடன் இல்லாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? இன்று அந்தப் பெயர் போட்ட உறையை வாங்குபவர், எந்தக் குடும்பத்தின் விதை என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கப்பலில் வந்த கதை ஜெர்மன் பிங்க் ரகத்துடையது. பவேரியாவிலிருந்து 1880களில் அயோவாவுக்குக் குடியேறிய குடும்பத்தின் விதை அது. அந்தக் குடும்பத்துப் பெண்ணான டயான் ஆட் வீலி, தம் தாத்தா கொடுத்த அந்த விதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1975இல் கணவர் கென்ட் வீலியோடு சேர்ந்து சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற விதைப் பரிமாற்ற அமைப்பைத் தொடங்கினார். நம் வீட்டில் நடந்ததைப் போன்ற ஒரு சம்பவத்திலிருந்துதான் அவ்வளவு பெரிய விதைச் சேமிப்பு முளைத்தது என்பதை, தங்கை, நீங்கள் அறிய வேண்டும்.

அலங்காரக் கதைகளும் உண்டு. 1820இல் நியூ ஜெர்சியின் சேலம் ஊரில் ராபர்ட் ஜான்சன் என்பவர் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று ஒரு கூடைத் தக்காளியைத் தின்று காட்டினார், கூட்டம் அவர் செத்து விழுவார் என்று காத்திருந்தது என்ற கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த நாளைச் சேர்ந்த சான்று ஒன்றுகூட அதற்குக் கிடையாது. பல தலைமுறைக்குப் பிறகு எழுதப்பட்டு, எழுத எழுத வளர்ந்தது. எனக்கு இதிலிருந்து கிடைத்த அளவுகோல் ஒன்றுதான். நடந்த காலத்துக்கு அருகில் யாராவது எழுதி வைத்தார்களா, எழுதியவர் யாரிடம் கேட்டார் என்பதைப் பார்ப்பேன். கதை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பெயரை நம்பி நான் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். பிராண்டிவைன் என்று ஒரு புகழ்பெற்ற இளஞ்சிவப்பு ரகம் இருக்கிறது. டென்னசியில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பம் வைத்திருந்த விதை, ஒஹையோவின் பென் க்விசன்பெரி என்ற முதியவர் கைக்கு வந்து, 1982இல் சீட் சேவர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் இலை உருளைக்கிழங்கு இலையைப் போல ஓரம் வெட்டுப்படாமல் அகலமாக இருக்கும். நான் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய உறையில் எட்டு விதைகள் இருந்தன. நாற்று நான்காம் இலை விட்டதும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எட்டிலும் சாதாரண வெட்டிலை. அந்த அகல இலைக் குணம் ஒடுங்கிய குணம் என்பதால், ஒருமுறை வேறு மகரந்தம் கலந்தாலே முதல் தலைமுறையில் மறைந்துவிடும். காய்த்ததும் நயினார்குளம் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் நீளச் சிவப்புத் தக்காளிதான். உறையின் மேல் பிராண்டிவைனின் வரலாறு நான்கு பத்திகளில் அச்சிடப்பட்டிருந்தது.

பிறகு ஒரு நண்பர் மூலம் சரியான விதை கிடைத்தும், நம் ஊரில் அதற்குக் காய்ப்பில்லை. இரவு வெப்பம் இருபத்திரண்டு, இருபத்து மூன்றுக்குக் கீழே இறங்காவிட்டால் இத்தகைய பெரும்பழ ரகங்கள் பூவை உதிர்த்துவிடுகின்றன. பாளையில் மார்கழி, தை தவிர எந்த மாதத்திலும் அந்த இரவு கிடைப்பதில்லை. நான்கு செடியில் ஒரே ஒரு பழம். உங்கள் ஆச்சியின் தக்காளியோ பங்குனி வெயிலிலும் காய்த்திருக்கும் என்று நினைக்கிறேன். அது உண்மையா என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். விதையின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்கும்போது எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் ஆமோதித்துவிடுவார். தனித்தனியே போய்க் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பாவூர்ச்சத்திரம் தோட்டக்காரர் எழுதியது:

எங்கள் ஐயா காலத்தில் எங்கள் கிணற்றுத் தோட்டத்திலும் வரித் தக்காளி இருந்தது. ஏன் விட்டோம் என்று கேட்டால், சந்தைதான் காரணம். பாவூர்ச்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்கு வண்டி ஏறும் சரக்கு, மலை ஏறி இறங்கி மறுநாள் காலையில் அங்கே கடைக்குப் போய்ச் சேர வேண்டும். மெல்லிய தோல் பழத்தைப் பெட்டியில் அடுக்கினால் அடியில் இருக்கும் இரண்டு வரிசை கூழாகி, அந்தச் சாறு மேலே இருக்கும் நல்ல பழத்தையும் அழுக வைக்கும். வியாபாரி பெட்டியைச் சாய்த்துப் பார்ப்பார், அடியில் ஈரம் தெரிந்தால் விலையைப் பாதியாக்குவார். தடித்த தோல் ஒட்டுரகம் ஒரு வாரம் தாங்கியது, நாங்களும் மாறினோம். ருசி போனது எங்களுக்கும் தெரியும். வீட்டுச் சாற்றுக்காக அம்மா மட்டும் இரண்டு செடி வைத்திருந்தார். அவருக்குப் பிறகு அதுவும் இல்லை.

விதை விஷயத்தில் தங்கை பயப்பட வேண்டாம். காய்ந்த தக்காளி விதை நான்கைந்து ஆண்டு உயிரோடு இருக்கும். மூன்று ஆண்டு என்பது பெரிய காலமில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் விதைத்துவிடாதீர்கள். இருபது விதையை மட்டும் எண்ணி எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைத்து முளைப்பைப் பாருங்கள். முளைத்ததை அப்படியே நாற்றுத் தட்டுக்கு மாற்றலாம். அடைமழை முடிந்து, கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ நட்டால் பூக்கும்போது குளிர்ச்சி இருக்கும், இலைச்சுருட்டு நோயைப் பரப்பும் வெள்ளை ஈயும் ஓரளவு குறைவாக இருக்கும்.

பூ வந்ததும் பக்கத்தில் வேறு தக்காளி இருந்தால், விரியாத மொட்டுக் கொத்தை மெல்லிய வேட்டித் துணியால் கட்டிவிடுங்கள்; பிஞ்சு பிடித்ததும் துணியை எடுத்துவிட்டு, அந்தக் கொத்துக் காம்பில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அண்ணாச்சி சொன்ன லிவிங்ஸ்டன் பாடம் இங்கேதான் தேவை. பெரிய பழம் எது என்று பார்க்காமல், நோயில்லாமல் நின்று எல்லாப் பழமும் ஆச்சியின் பழத்தைப் போலக் காய்க்கும் செடி எது என்று பாருங்கள். ஒரே செடியில் நின்றுவிடாமல் ஐந்தாறு செடியிலிருந்து எடுத்துக் கலந்து வைத்தால் நல்லது.

நன்றாகக் கனிந்த பழத்தைக் கீறி, விதையையும் சாற்றையும் கண்ணாடித் தம்ளரில் பிதுக்கி, சிறிது தண்ணீர் விட்டு நிழலில் வையுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறைதான் அதை முளைக்க விடாமல் தடுப்பது. அது புளித்துக் கரைய வேண்டும். குளிர்நாடுகளில் மூன்று நான்கு நாள் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒன்றரை நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அதற்கு மேல் விட்டால் தம்ளருக்குள்ளேயே முளைவிட்டுவிடும். நான் ஒருமுறை அப்படி நல்ல விதையை இழந்தேன். மேலே வெள்ளைப் பூஞ்சாணம் படர்ந்து, நுரை கட்டி, கலக்கினால் விதை அடியில் இறங்கும்போது மிதப்பதைக் கொட்டிவிட்டு நான்கைந்து தண்ணீரில் அலசுங்கள். பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. ஆச்சி சாம்பலில் புரட்டிச் சுளகில் காய வைத்திருப்பார். அதுவும் நல்ல முறைதான், சாம்பல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

ஒரு வார்த்தை சட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் விதை கொடுத்தால் வழக்கு வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதைச் சிலர் நம்புகிறார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, உழவர் தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. உங்கள் செடி காய்த்தால் எனக்கு இருபது விதை கொடுங்கள். நான் கடையத்துப் பக்கம் இருக்கும் என் மகள் வீட்டிலும் போட்டு வைக்கிறேன். ஓரிடத்தில் போனாலும் இன்னோரிடத்தில் இருக்கும்.

ஆலங்குளத்துப் பேத்தி எழுதியது:

அண்ணாச்சிமார் இருவருக்கும் பாளை அக்காவுக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்குக் காரணம், கேட்க வேண்டியவர்களை எல்லாம் நேரில் போய்க் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்ததுதான்.

முதலில் முளைப்பு. இருபது விதையில் ஐந்தாம் நாள் இரண்டு, எட்டாம் நாள் மேலும் ஐந்து முளைவிட்டன. ஏழையும் தேங்காய் நார்க் கழிவு நிரப்பிய தட்டுக்கு மாற்றினேன். ஒன்று கழுத்து அழுகிச் சாய்ந்துவிட்டது, ஆறு நிற்கின்றன. ஆறிலும் வெட்டிலைதான். அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தேன். பங்குனியில் காய்க்குமா என்ற கேள்விக்கு அம்மாவின் விடை: பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போகும்போது கட்டுச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆச்சி இந்தப் பழத்தில்தான் தொக்கு வைத்துக் கொண்டுபோவாராம். ஆகவே பங்குனியிலும் பழம் இருந்திருக்கிறது.

விதை வந்த வழியைப் பற்றி, அக்கா சொன்னபடியே, இரண்டு பேரைத் தனித்தனியே கேட்டேன். ஆச்சியின் நாத்தனாருக்கு இப்போது எண்பத்தாறு வயது. தென்காசியில் மகனோடு இருக்கிறார். அவருடைய தாய்மாமா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதி வந்தாராம். அவர் ஊருக்குத் திரும்பி வந்தபோது தகரப் பெட்டியில் கொண்டுவந்த விதை இது என்றும், முதல் காயைப் பார்த்துப் பூசணிக் கன்று என்று எல்லாரும் நினைத்ததால் அந்தப் பெயர் வந்தது என்றும் சொன்னார். பெரியப்பாவோ, அப்படி எதுவும் இல்லை, ஒரு கல்யாண வீட்டு எச்சில் இலையைக் கொட்டிய குப்பைமேட்டில் தானாக முளைத்ததை ஆச்சியின் மாமியார் பிடுங்கி வேலியோரம் வைத்தார் என்கிறார். அவர் சிறு பையனாக இருந்தபோது அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது நினைவிருக்கிறது என்று உறுதியாகச் சொல்கிறார். எனக்கு இலங்கைக் கதைதான் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டையும் எழுதிவிட்டேன்.

மீதி விதையைப் பழைய துணியிலிருந்து மாற்றி, வறுத்து ஆறவைத்த அரிசி கொஞ்சம் அடியில் போட்ட கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறேன். பாவூர்ச்சத்திரம் அண்ணாச்சிக்கு இருபது விதை மாசியில் வந்து சேரும். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருப்பதை இங்கேயும் பதிகிறேன். விடுபட்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

"பூசணித் தக்காளி. ஆலங்குளம் மேற்கு, கிணற்றுத் தோட்டத்துத் தொழுவ வேலி. ஆச்சிக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. மாமியாருக்கு வந்த வழி: நாத்தனார் சொன்னது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய்மாமா கொண்டுவந்தது. பெரியப்பா சொன்னது, கல்யாண வீட்டுக் குப்பைமேட்டில் முளைத்தது. கடைசியாக ஆச்சி விதைத்து மூன்று ஆண்டு. வேலி ஏறும். பங்குனியிலும் காய்க்கும். இரண்டு பழம் போட்டால் புளி வேண்டாம்."